நெய்வேலியில் ஒரு மூளை முகாம்

"பையில இன்னாங்க, ஹெல்மெட்டா?" என்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

என் மடியில் இருந்த பைக்குள் முப்பத்திரண்டு கம்பிகள் தொங்கும் ஒரு துணித் தொப்பி இருந்தது. தலையில் மாட்டினால் மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்யும். சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்திலிருந்து கிளம்பும்போது, அதைக் கைக்குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவு. "ஆமாம், தலையில மாட்டுறதுதான்" என்றேன். "நல்லதுங்க. இப்பல்லாம் செக்கிங் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார். அந்தப் பத்து நாட்களில் என் வேலையைப் பற்றி ஒரே கேள்வி கேட்டு, ஒரே பதிலில் திருப்தியடைந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் நெய்வேலியில் பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்கத்துப் பணிமனை வேலைக்கு வந்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊரோடு போய்விட்டார். நான் அதற்கு முன்பே சிங்கப்பூர் போய்விட்டேன். இருபத்து நான்கு வருடங்களாக நெய்வேலிக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. காரணம் கிடைத்தது ஒரு மதியச் சாப்பாட்டில். எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி ஷிப்ட், எல்லோரும் ஒரே வயதில் ரிட்டயர் ஆவார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். எதிரே நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் பேராசிரியர் குச்சிகளைக் கீழே வைத்தார். வயதாக ஆக மூளையின் பகுதிகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வது எப்படி மாறுகிறது என்பதுதான் அந்த அம்மாளின் வாழ்நாள் கேள்வி. ஒரே மாதிரி வாழ்ந்த வயதானவர்கள் ஒரு ஊர் நிறைய இருக்கிறார்கள் என்றால் விடுவாரா? 2015 மே மாதம், வேறு யாரும் வெயிலுக்குப் பயந்து போகாத நேரத்தில், நான் தொப்பியோடு வந்து இறங்கினேன்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. ஓய்வு பெற்றவர்களின் சங்கக் கட்டடத்தில் ஒரு அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிறந்த ஊரில் வழி கேட்பதா என்ற திமிரில் விடுதியிலிருந்து நடந்தே கிளம்பினேன். டவுன்ஷிப் தெருக்கள் அடிக்கோல் வைத்துப் போட்டவை. ஒவ்வொரு முனையிலும் ஒரே மாதிரி வேப்பமரம், ஒரே மாதிரி மஞ்சள் சுவர், ஒரே மாதிரி துணிக்கொடி. இருபது நிமிடம் நடந்து, மிகுந்த நம்பிக்கையோடு ஒரு கேட்டைத் திறந்து உள்ளே போனேன். கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். சங்கம் இதுதானே என்றேன்.

"சங்கமா? இது குவார்ட்டர்ஸ்ங்க. எந்த பிளாக் போகணும்?"

சொன்னேன்.

"அது நாலு ரோடு தள்ளி. வேர்த்து ஊத்துது உங்களுக்கு, உக்காருங்க முதல்ல" என்று மோர் கொண்டுவந்தார். சிங்கப்பூரில் தவறான வீட்டுக்குள் நுழைந்தால் போலீஸ் வரும். இங்கே மோர் வந்தது, கறிவேப்பிலை போட்டு.

சங்க வாசலில் ஒரு தட்டி கட்டியிருந்தார்கள். 'மாபெரும் இலவச மூளை முகாம். சிங்கப்பூர் டாக்டர் வருகை.' கீழே வரிசையில் நாற்பது பேர். சிலர் கையில் சர்க்கரை ரிப்போர்ட். ஒருவர் மூக்குக்கண்ணாடிக்குக் கண் அளவெடுப்பார்கள் என்று நம்பி வந்திருந்தார்.

"நான் டாக்டர் இல்லை சார். டெக்னீஷியன்" என்றேன் செயலாளர் சம்பந்தத்திடம். அவர் சுரங்கத்தில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்தவர்.

"அதெல்லாம் போர்டுல எழுத முடியாது மேடம், யாரும் வர மாட்டாங்க. நீங்க எனக்கு மட்டும் சொல்லுங்க, என்னதான் பாக்கப் போறீங்க?"

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். இளம் வயதில் மூளையின் ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் தன் கூட்டத்துக்குள்ளேயே பேசிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். வயதாக ஆக அந்த எல்லைகள் தளர்ந்துபோகும். ஒரு பகுதி வேலை செய்யும்போது, சும்மா இருக்க வேண்டிய இன்னொரு பகுதியும் உள்ளே வந்து தலையை நீட்டும். அப்படி வருவது கை கொடுக்கவா, அல்லது வேலியில் ஓட்டை விழுந்ததால் வெறுமனே உள்ளே வந்துவிடுகிறதா என்பதில்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் சண்டை.

சம்பந்தம் யோசித்தார். "எங்க செக்‌ஷன்ல ஆள் எல்லாம் ரிட்டயர் ஆகி, புது போஸ்டிங் போடாம இருந்தப்ப இப்படித்தான் மேடம். மெக்கானிக்கல்காரன் வந்து மோட்டாரைக் கழட்டுவான். சில நாள் ஓடும். சில நாள் புகையும்."

பேராசிரியரிடம் சொன்னால் அப்படியே எழுதிவைத்துக்கொள்வார் என்று தோன்றியது.

வரிசையில் முதலில் நின்றவருக்குத் தொப்பியை மாட்டினேன். திரையில் அலைகளுக்குப் பதில் தடித்த கறுப்புப் பட்டைகள் வந்தன. இரண்டாமவருக்கும் அப்படியே. மூன்றாமவர் தலையைத் தொட்டபோதுதான் புரிந்தது. தேங்காய் எண்ணெய். தலை நிறைய எண்ணெய் இருந்தால் மின்சாரம் கம்பிக்கு வந்து சேராது. நாற்பது தலைகளும் வெயிலில் பளபளத்தன. சிங்கப்பூரில் பத்து வருடம் இந்த வேலை செய்து ஒரே ஒரு எண்ணெய்த் தலையைப் பார்த்ததில்லை. நானே என் தலையில் எண்ணெய் வைத்து வருடக்கணக்காகிறது. பிறந்த ஊரைப் பற்றிப் பேராசிரியரிடம் அத்தனை அளந்த எனக்கு இது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

வாசலில் நின்று உரக்கச் சொன்னேன்: "எல்லாரும் நாளைக்குத் தலைக்குக் குளிச்சுட்டு வாங்க!"

எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வந்தார்கள். மறுநாள் சனிக்கிழமை. தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் ஊறவைத்து, சீயக்காய் போட்டு, கண் சிவக்கச் சிவக்க ஆண்கள் அத்தனை பேரும் எண்ணெய்க் குளியல் முடித்து வந்து நின்றார்கள். "நீங்க சொன்ன மாதிரியே குளிச்சுட்டேன் மேடம்" என்று ஒருவர் குனிந்து உச்சந்தலையைக் காட்டினார். நல்லெண்ணெய் வாசம் அறையை நிறைத்தது.

அன்று என் மானத்தைக் காப்பாற்றியது ஒரு வழுக்கைத் தலை. அதன் உரிமையாளர் ஏழுமலை, அறுபத்தேழு வயது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, போராடிப் பெர்மனென்ட் ஆகி, ரிட்டயர் ஆனதும் முத்தாண்டிக்குப்பத்தில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டவர். கூடவே மனைவி அஞ்சலை வந்திருந்தார். அவருக்கு அறுபத்திரண்டு இருக்கும். அஞ்சலையைச் சங்கத்தின் பின்னால் குழாயடியில் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொன்னேன். மே மாத வெயிலில் அத்தனை நீள முடி பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது.

முதலில் அஞ்சலை. தொப்பியின் ஓட்டைகளுக்குள் நான் ஜெல் வைத்துக்கொண்டிருந்தபோது, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மேடம், இதெல்லாம் எனக்கு வேணாம். எங்கூட்டுக்காரருக்கு மறந்துபோவுது. போன மாசம் பலாப்பழம் வாங்கறேன்னு காடாம்புலியூருக்கு டிவிஎஸ்ஸ எடுத்துகினு போனாரு. நாலு மணி நேரம் கழிச்சு வடலூர்லருந்து வராரு, பழமும் இல்ல. கேட்டா சும்மா சுத்திப் பாத்தேன்றாரு. அவுரு இன்னாத்த சுத்திப் பாக்கறாரு? நீங்க மிஷினைப் பாத்துட்டு, இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடுங்க."

"நான் டாக்டர் இல்லைம்மா. இது ஆராய்ச்சி. தனித்தனி ஆளுக்கு ரிசல்ட் சொல்ல எனக்கு அனுமதியே கிடையாது."

"சீட்டு மட்டும் குடுங்க, போதும்" என்றார்.

அடுத்து ஏழுமலை. தொப்பியை மாட்டியதும் அவரும் கதவைப் பார்த்தார்.

"மேடம், நான் இங்க வந்ததே அவளுக்காகத்தான். கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கா. நான் ஒண்ணு சொன்னா அவ வேற ஒண்ணு பதில் சொல்றா. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிகினு இருக்கா. வண்டி ஓட்டாத, வண்டி ஓட்டாத, இதே பாட்டு. மிஷின்ல எதுனா தெரிஞ்சா மறைக்காம சொல்லிடுங்க, நான் தாங்கிப்பேன்."

கண்ணை மூடி ஐந்து நிமிடம் சும்மா இருக்கச் சொன்னேன். முப்பது வருடம் நைட் ஷிப்ட் பார்த்த உடம்பு. அரை நிமிடத்தில் குறட்டை. எழுப்பி, அடுத்த சோதனைக்குப் போனேன். நான் பன்னிரண்டு சொற்களை வாசிப்பேன், அவர் நினைவிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். ஆடு, குடை, மணி, தீப்பெட்டி என்று வாசித்து முடித்தேன்.

"ஆடு" என்றார் ஏழுமலை. நிறுத்தினார். கூரையைப் பார்த்தார்.

"கொடை!" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொடை" என்றார் ஏழுமலை.

"அம்மா, நீங்க சொல்லக் கூடாது" என்றேன் ஜன்னலைப் பார்த்து.

"நான் எங்கங்க சொன்னேன்?" என்றார் அஞ்சலை. "யோவ், மொதல்ல மாடு. ஆடு இல்ல, மாடு."

"ஆடுன்னாங்கடி."

"மாடுதான், என் காதால கேட்டேன்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். "சரி, மாடுன்னே எழுதிக்குங்க" என்றார். திரையில் அலைகள் புயல் நேரத்துக் கடலூர்க் கடலைப் போலக் குதித்தன. ஆனாலும் எண்ணெய்ப் பட்டைகளுக்குப் பிறகு ஏதோ ஒன்று அலையடித்ததே பெரிய விஷயம் என்று சேமித்து வைத்தேன்.

போகும்போது அஞ்சலை மறுநாள் சாப்பிடக் கூப்பிட்டார். "நாட்டுக்கோழி அடிக்கறேன், பச்சை முந்திரி போட்டு. பஸ்ஸுல வந்துடுங்க. நானே ஸ்டாப்பிங்ல வந்து நிக்கறேன்." பஸ்ஸுல என்ற சொல்லை மூன்று முறை அழுத்திச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு விடுதி வாசலில் டிவிஎஸ் 50 நின்றது. அதன்மேல் ஏழுமலை, தலையில் ஈரத்துண்டு. "அவ கெடக்கறா. வெயில்ல நீங்க பஸ்ஸுக்கு நிக்கறதா? உக்காருங்க."

மறுத்திருக்க வேண்டும். அஞ்சலை சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து, உங்கள் பின்னால் உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? மரியாதை என்ற பெயரில் நான் செய்த கோழைத்தனங்களில் ஒன்றாக, ஏறி உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் ஓட்டினார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பெல்ட்டின் அடியில் ஆயிரக்கணக்கான உருளைகள் ஓடுமாம். அதில் ஒன்று கெட்டுப்போனால் சத்தத்தை வைத்தே எத்தனையாவது என்று கண்டுபிடிப்பாராம். எந்த வருடம் எந்த இடத்தில் பெல்ட் கிழிந்தது, யார் டூட்டியில் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று எல்லாம் துல்லியமாக வந்தது. இவருக்கா மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஓரிடத்தில் ரோடு வேலை. மாற்றுப்பாதை என்று ஒரு தகரம் வைத்திருந்தார்கள். அதிலிருந்த அம்புக்குறி ஒரு ஆணி கழன்று, நேராகப் பூமியைக் காட்டிக்கொண்டிருந்தது. ஏழுமலை ஒரு மண் பாதையில் திருப்பினார். அது இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒன்று மறுபடி இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் முந்திரி மரங்கள், தரையைத் தொடும் கிளைகளோடு. பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வண்டியும் நின்றது.

"வண்டி சூடாயிடுச்சு. ஆறட்டும்" என்றார்.

வண்டி சூடாகவில்லை. நான் காலை வைத்திருந்த இடத்திலேயே இன்ஜின் இருந்தது, எனக்குத் தெரியும். அவர் இறங்கி, வந்த பாதையைப் பார்த்தார். போகிற பாதையைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. ஒரு பெரிய மனிதர் பயந்துபோய் நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது கஷ்டம். நான் மரத்தைப் பார்த்தேன்.

"நாப்பது வருசமா இங்கதான் இருக்கேன் மேடம்" என்றார் கடைசியில். "எல்லாம் தெரியுது. எந்தாண்டன்னு மட்டும் வர மாட்டேங்குது." கொஞ்சம் பொறுத்து, "அவகிட்ட சொல்லிடாதீங்க."

என் போனை எடுத்து வரைபடத்தைப் பார்த்தேன். நீலப் புள்ளி ஒன்றுமே இல்லாத ஒரு வெளிர் பச்சை நிறத்துக்கு நடுவில் மிதந்தது. அப்போது அவர் போன் அடித்தது. எடுத்தார். அஞ்சலைதான். ஒலி முழுவதும் ஏற்றிவைத்த போன், ஸ்பீக்கரில் போடத் தேவையே இல்லாமல் தோப்பு முழுக்கக் கேட்டது.

"எங்கய்யா இருக்க?"

"வந்துகினே இருக்கேன்."

"வந்துகினே இருந்தா வண்டி சத்தம் எங்க?"

ஏழுமலை வண்டியைக் கோபமாகப் பார்த்தார். "இது மட்டும் கேக்குது பாருங்க அவளுக்கு" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

"மேடத்தையும் ஏத்திகினு வந்துட்டியா? சரி. எதிர்ல இன்னா தெரியுது?"

"முந்திரி மரம்."

"பக்கத்துல?"

"முந்திரி மரம்."

"மேடத்துகிட்ட குடு."

நான் வாங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். இடிந்த மோட்டார் கொட்டகை. சுவரில் முளைத்த ஆலங்கன்று. பின்னால் இரட்டைப் பனைமரம்.

"ரெட்டப் பனையா? ஒண்ணு சாஞ்சினு இருக்குதுங்களா?"

"ஆமாம், சாஞ்சிருக்கு."

"அய்ய, அது மணியக்காரரு தோப்பாச்சே! கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் அங்கதான் முந்திரி பொறுக்கினோம்."

"அப்ப எந்தப் பக்கம் திரும்பணும்மா?"

"அது எனக்கு எங்கங்க தெரியும்? இருட்டோட எல்லாரும் வருவோம், நான் முன்னாடி போறவ பின்னாடியே போவேன், வருவேன். ரோடு எந்தாண்டன்னு நான் பாத்ததே இல்ல." சற்று நேரம் குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அந்தாளுகிட்ட குடுங்க" என்றார்.

"யோவ். அங்கதான் பாம்பு வந்துது. நாபகம் இருக்கா?"

ஏழுமலையின் முகம் மாறியது. "ஏன் இல்லாம? நீ கொட்டாயாண்ட நின்னுகினு கத்தின. நான் கழி எடுக்கப் போனேன்."

"எந்தப் பக்கம் போன?"

ஏழுமலை போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"நாப்பது வருசமா கழி எடுக்கப் போனேன்னுதான் சொல்லிகினு இருக்க. நானும் கேட்டுகினுதான் இருக்கேன். கொழம்பு ஆறிப்போவுது. ஓடுனியே, எந்தப் பக்கம் ஓடுன?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் மறுபடி மரத்தைப் பார்த்தேன். அவர் போனைக் கையில் பிடித்தபடி மோட்டார் கொட்டகைக்கு நடந்தார். சுவரோரம் ஓரிடத்தில் நின்றார். "நீ இங்க. நான் இங்க. பாம்பு தோ, இந்தாண்டயிருந்து வந்துது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் உடம்பு தானாகத் திரும்பியது. கை தானாக உயர்ந்து, சாய்ந்த பனைக்கு வலப்புறம் போன ஒரு ஒற்றையடிப் பாதையைக் காட்டியது.

"ரோட்டுப் பக்கமா ஓடுனேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

"கேக்கல."

"ஓடுனேன்டி! ரோட்டுப் பக்கமா ஓடுனேன்! லாரி ஏறி வூட்டுக்கே போயிட்டேன், போதுமா?"

"அன்னிக்கு எந்தப் பக்கம் ஓடுனியோ அந்தப் பக்கமே வா" என்று சொல்லிவிட்டு அஞ்சலை போனை வைத்துவிட்டார்.

"நல்ல பாம்புங்க மேடம். இம்மாம் பெருசு" என்று ஏழுமலை இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அந்தப் பாதையில் நாலு நிமிடம் போனதும் தார் ரோடு வந்தது, பண்ருட்டிப் பேருந்து ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

நாட்டுக்கோழிக் குழம்பில் பச்சை முந்திரி வெண்ணெயாக வெந்திருந்தது. தொட்டுக்கொள்ள பலாக்கொட்டைப் பொரியல். சிங்கப்பூரில் முந்திரி என்றால் உப்புப் போட்டு வறுத்து டப்பாவில் வருவது. இதைச் சாப்பிட்டபின் அதை முந்திரி என்று கூப்பிட மனம் வராது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அஞ்சலை ஏழுமலையின் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார். ஏழுமலை நிமிராமல் சாப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்திருக்கும்.

கை கழுவும்போது அஞ்சலை கேட்டார். "இப்பனாச்சும் சீட்டு குடுப்பீங்களா?"

இருவரையும் உட்காரவைத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என் தொப்பி எதையும் தீர்மானிக்காது. வயதானால் பேர் மறக்கும், சாவியை வைத்த இடம் மறக்கும். தெரிந்த வழியே தெரியாமல் நின்றால் அதை வயது என்று விட்டுவிடக் கூடாது, டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சில சமயம் ரத்தத்தில் ஏதாவது சத்து குறைந்தால்கூட இப்படி ஆகும், சரிசெய்துவிடலாம். சில சமயம் அப்படி இருக்காது. எதுவானாலும் சீக்கிரம் தெரிவது நல்லது.

ஏழுமலை துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் வரேன். அவளும் காமிச்சுக்கணும்" என்றார்.

"எனக்கு இன்னா?"

"ஆட்டை மாடுன்றா."

இடுப்பிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அஞ்சலை முன்னால் வைத்தார். அஞ்சலை அதைத் தொடவில்லை. "டாக்டரு இன்னா சொல்றாருன்னு பாப்போம். அதுவரிக்கும் தனியா எடுக்காத. போவணும்னா நான் பின்னாடி உக்காந்துகினு வரேன்."

"வாயைத் தொறக்காம வரணும்."

"பேசினாத்தான்யா வூடு வரும்" என்றார் அஞ்சலை. உடனே எழுந்து பாத்திரம் எடுத்து வைக்கப் போய்விட்டார்.

அடுத்த மூன்று நாட்களில் வேலை சூடுபிடித்தது. சம்பந்தம் குழாயடியில் ஒரு பெஞ்சு போட்டு ஷாம்பு பிரிவு தொடங்கினார். தலைகள் வரிசையாக நுரைத்தன. கண்ணாடிக்காக வந்தவர்கூட மூன்றாம் நாள் மனம் தேறித் தொப்பி மாட்டிக்கொண்டார். புதன்கிழமை பேராசிரியர் வீடியோவில் வந்து பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழுமலையின் கோப்பில் நின்றார். "இதற்கு என்ன ஆயிற்று?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கழிக்கப்படும் பதிவுகளுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. நான் அதில் 'மனைவி' என்று எழுதியிருந்தேன்.

விவரம் சொன்னேன். ஜன்னல், ஆடு, மாடு, பாம்பு எல்லாம். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "என் கணவரும் நானும் இப்போதெல்லாம் ஒரு சினிமாவின் பெயரைச் சொல்ல இரண்டு பேராகத்தான் முயற்சி செய்கிறோம்" என்றார். "இந்தப் பதிவு கணக்கில் சேராது. ஆனால் அழித்துவிடாதே."

வியாழக்கிழமை மூவரும் கடலூருக்குப் பேருந்தில் போனோம், ஒரு நரம்பு டாக்டரிடம். பண்ருட்டியில் டயர் பஞ்சராகி நின்றதில் பலாச்சுளை சாப்பிட முக்கால் மணி நேரம் கிடைத்தது. டாக்டர் இளைஞர். நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும், "யாருக்குப் பாக்கணும்?" என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கை காட்டினார்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூட வந்தவள் என்றேன்.

இருவரிடமும் பொறுமையாகக் கேள்வி கேட்டார். ஏழுமலைக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எழுதினார். ரிப்போர்ட் வந்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும், அதுவரை வண்டியைத் தொடவே கூடாது, பின்னால் யார் உட்கார்ந்தாலும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அஞ்சலை வெற்றிப் பார்வை பார்த்தார். அது நீடிக்கவில்லை. "அம்மா, உங்க மூளைக்கு ஒண்ணும் இல்ல. காதைக் காட்டுங்க" என்று அடுத்த தெருவில் இருந்த காது டாக்டரிடம் அனுப்பிவிட்டார். அங்கே இரண்டு காதிலிருந்தும் அவர்கள் எடுத்த அழுக்கை இங்கே விவரிக்க மாட்டேன். வெளியே வந்த அஞ்சலை தெருவின் இரைச்சலில் திடுக்கிட்டு நின்றார்.

"நல்லா கேக்குதா?" என்றார் ஏழுமலை.

"இன்னாத்துக்கு இப்பிடிக் கத்துற?"

"நான் எங்க கத்தறேன், எப்பவும் பேசற மாதிரிதான் பேசறேன்!"

"இத்தினி வருசமா இப்பிடியா கத்திகினு இருந்த?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார் அஞ்சலை. திரும்பி வரும் வழியெல்லாம் ஏழுமலை மெதுவாகப் பேசிப் பழகிக்கொண்டு வந்தார். அது அவருக்கு லேசில் வரவில்லை. முன்னிருக்கையில் இருந்தவர்கள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்கள்.

ரிப்போர்ட் வந்தபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன். சம்பந்தம் போனில் சொன்னார். ரத்தத்தில் ஒரு வைட்டமின் மிகவும் குறைந்திருந்ததாம், ஊசி போடுகிறார்களாம். முன்னைக்கு இப்போது தேவலையாம். முழுக்கச் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லையாம், ஆறு மாதம் பார்க்கலாம் என்றாராம். டிவிஎஸ்ஸைப் பெரிய மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இருவரும் இப்போது எங்கு போனாலும் பேருந்தில்தான் போகிறார்களாம். பேருந்தில் அவர்கள் போடும் சண்டை அந்த ரூட்டில் பிரசித்தம் என்றார்.

ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் மூவருக்கும் இதெல்லாம் தெரியாது. முத்தாண்டிக்குப்பம் நெருங்கும்போது ஏழுமலை திடீரென்று கேட்டார்.

"மேடம் மேடம்னே கூப்டுகினு இருக்கோம். உங்க பேரு இன்னா?"

"மொத நாளே சொன்னாங்களே" என்றார் அஞ்சலை.

"இன்னா பேரு, சொல்லு."

அஞ்சலை வாயைத் திறந்தார், மூடினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"கோமதி" என்றேன்.

"கோமதி" என்றார் ஏழுமலை. "கோமதி" என்றார் அஞ்சலை. இரண்டு பேரும் மறுபடி ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பேருந்து நின்றது. அஞ்சலை முன்னால் இறங்கி, கையை நீட்டி அவரை இறக்கினார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். இறங்கியவர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் தலையாட்டினார்கள். அந்த வாரத்தில் அவர்கள் எதிலாவது ஒத்துப்போய் நான் பார்த்தது அதுவே முதல் முறை. பேருந்து நகர்ந்தபோது இருவரும் கையைத் தூக்கி, ஒரே நேரத்தில், ஒரே குரலாகக் கூப்பிட்டார்கள்.

"கோமளா! போய்ட்டு வாம்மா, கோமளா!"

நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை ஆட்டிக்கொண்டே போனேன்.